படத்தைத் திருப்பிப் போடுங்கள்!

வெள்ளைக் கையுறையைத் தேடாதீர்கள், அது சினிமாவுக்கு! பழந்தாள்களோடு நாள்தோறும் புழங்குகிறவர்கள் பெரும்பாலும் இன்று கையுறை போடுவதில்லை. நடுவில் துணி வந்தால் விரலுக்குத் தாளின் ஓரம் பிடிபடாது; கண்ணிமைப்பதற்குள் ஒரு கிழிசல் விழுந்துவிடும். அதனால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், ஈரம் போகத் துடையுங்கள், மோதிரத்தையும் வளையலையும் கழற்றிப் பைக்குள் போடுங்கள். பேனாவும் அங்கேயே இருக்கட்டும். உள்ளே பென்சிலுக்கு மட்டும்தான் அனுமதி. காபியா? அந்த வார்த்தையை இங்கே உரக்கச் சொல்லாதீர்கள், யாராவது மயங்கி விழுந்துவிடப் போகிறார்கள்.

சரி, எங்கே வந்திருக்கிறோம்? ஸ்காட்லாந்தில், எடின்பரோ அரசத் தாவரவியல் பூங்காவில். டிக்கெட்டும் விசாவும் கேட்காத பயணம் இது, எழுத்தில் போய் எழுத்திலேயே திரும்புகிற வகை. பூங்காவுக்கு வரும் கூட்டம் அதைச் சுற்றிப் பார்த்து, செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். நமக்கு அது போதாது. பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் சுமார் 30 லட்சம் உலர்ந்த தாவரங்களை வைத்திருக்கும் ஹெர்பேரியம் இருக்கிறது, நூலகம் இருக்கிறது, ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதற்குள்ளேதான் நம்மூர்ச் செடிகள் குடியேறியிருக்கின்றன! குற்றாலத்திலும் பழனி மலையிலும் நீலகிரியிலும் கோயம்புத்தூரைச் சுற்றிய மலைகளிலும் பூத்துக் காய்த்தவை, ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தெலுங்கு ஓவியர்களின் கைவழியாகப் படமாகி, கடல் கடந்து இங்கே வந்து சேர்ந்தவை. 700க்கும் மேற்பட்ட படங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தப் படங்களின் முன்பக்கம் அழகு, ஒப்புக்கொள்கிறேன். சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டலாம். என் பித்தெல்லாம் பின்பக்கத்திலும் ஓரங்களிலும்தான். பென்சில் குறிப்பு, அடித்த பெயர், மாற்றி எழுதிய பெயர், எண், நீர்க்குறி, விரல் பட்ட அழுக்கு. ஒரு செடி எப்படிப் படமானது என்ற முழுக் கூத்தும் அங்கேதான் நடந்திருக்கிறது.

இதோ, பெட்டி வந்துவிட்டது. திறக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்! பெட்டியைப் பற்றியே ஒரு கதை இருக்கிறது. புத்தகம்போலப் பக்கவாட்டில் திறக்கும், துணி ஒட்டிய இந்தக் கெட்டிப் பெட்டிக்கு சொலாண்டர் பெட்டி என்று பெயர். உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் ஓவியத் தாள்கள் தூங்குவது பெரும்பாலும் இதில்தான். இதை உருவாக்கியதாகச் சொல்லப்படுபவர் பெட்டிக்காரர் அல்ல, தாவரவியலாளர்! டேனியல் சொலாண்டர், ஸ்வீடன்காரர், லின்னேயஸின் மாணவர், லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்தவர். கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பலில் இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸோடு 1768இல் கிளம்பிப் பசிபிக் கடலைச் சுற்றியவரும் இவரே.

அந்தக் கப்பலில் சிட்னி பார்க்கின்சன் என்ற இளம் ஓவியர் இருந்தார். 1769இல் டஹிட்டித் தீவில் அவருக்கு வந்த சோதனை வேறு எந்தக் கலைஞருக்கும் வரக்கூடாது. அவர் பூசப் பூச, ஈக்கள் வந்து வண்ணத்தைத் தின்றுவிட்டன! பேங்க்ஸ் தன் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் நாற்காலி, மேசை, ஓவியர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கொசுவலைக்குள் போட்டு மூட வேண்டியதாயிற்று. அப்படியும் செடிகள் வந்து குவிந்துகொண்டே இருந்தன. வாடும் முன் எல்லாவற்றுக்கும் முழு வண்ணம் பூச நேரமில்லை. பார்க்கின்சன் ஒரு வழி செய்தார்: ஒரு பக்கத்தில் ஓர் இலைக்கும் ஓர் இதழுக்கும் மட்டும் வண்ணம்; மிச்சம் வெறும் பென்சில் கோடு; பின்பக்கத்தில் நிறங்களைப் பற்றிய குறிப்பு. ஊருக்குப் போய் முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். ஊர் போய்ச் சேரவில்லை. 1771 ஜனவரியில் கடலிலேயே இறந்துபோனார். 900க்கும் அதிகமான தாவரப் படங்கள் மிஞ்சின. அவற்றை வைத்து பேங்க்ஸ் 743 செப்புத் தகடுகளைச் செதுக்க வைத்தார், ஆனால் அச்சுக்குக் கொடுக்கவில்லை. தகடுகள் முழுத் தொகுதியாக வண்ணத்தில் அச்சேறியது 1980களில்! இருநூறு ஆண்டுத் தாமதத்துக்கு எந்த ஆசிரியர் குழுவும் இன்னும் சவால் விட்டதில்லை.

பின்னால் குறிப்பெழுதும் இந்த வேலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஃபெர்டினாண்ட் பாவர். 1801இல் இன்வெஸ்டிகேட்டர் கப்பலில் ஆஸ்திரேலியா போன ஆஸ்திரியர். நிறங்களுக்கு ஏறத்தாழ ஆயிரம் எண்களைத் தனக்கென்று வகுத்துக்கொண்டு, பென்சில் கோட்டுப் படம் முழுக்க எண்களாக எழுதி நிரப்பிவிடுவார். இந்த இதழ் இந்த எண், அதன் நரம்பு அந்த எண். வண்ணம் பூசியதெல்லாம் ஆண்டுகள் கழித்து, வேறொரு கண்டத்தில் உட்கார்ந்து. அந்தப் படங்களை நிஜப் பூவோடு ஒப்பிட்டவர்கள் இன்றும் தலையைச் சொறிகிறார்கள்.

போதும், பெட்டியைத் திறப்போம்!

அமிலமற்ற மெல்லிய தாளை மெதுவாக விலக்குங்கள். அடடா! இருநூறு வயதை நெருங்குகிற வண்ணமா இது? ரகசியம் எளிது: இவை வெளிச்சத்தையே பார்க்காதவை. நீர்வண்ண ஓவியத்துக்கு அருங்காட்சியகங்கள் வைக்கும் வெளிச்ச வரம்பு வழக்கமாக 50 லக்ஸ். உச்சி வெயிலில் நம்மூர் மொட்டை மாடியில் விழுவது 1,00,000 லக்ஸ் அளவு. கண்காட்சி என்று வெளியே எடுத்தாலும் சில மாதம்தான், பிறகு நீண்ட ஓய்வு. கண்காட்சிக் கூடம் ஏன் இப்படி இருட்டாக இருக்கிறது என்று அடுத்த முறை முணுமுணுக்கும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முன்பக்கத்தையே கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள், ஏனென்றால் தாவரப் படங்கள் நன்றாக ஏமாற்றும். ஒரே கிளையில் மொட்டு, மலர், பிஞ்சு, பழுத்து வெடித்த கனி எல்லாம் ஒன்றாக இருக்கும். காட்டில் அப்படி ஒரு கிளையைப் பெரும்பாலும் பார்க்க முடியாது; மாதக் கணக்கில் இடைவெளி விட்டு வருபவற்றை ஓவியர் ஒரே தாளில் சேர்த்துவிடுவார். ஓர் இலை மட்டும் மடிந்து அடிப்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். காற்றடித்து மடியவில்லை ஐயா, அடிப்பக்கத்து ரோமமும் நரம்பும் தெரிய வேண்டும் என்று மடித்து வரைந்திருக்கிறார்கள்! கீழே வரிசையாக, நெடுக்கே பிளந்த பூ, குறுக்கே வெட்டிய சூற்பை, தனியே எடுத்த மகரந்தத்தாள், உருப்பெருக்கியில் பார்த்த விதை. ஓவியருக்கு அழகுணர்ச்சி மட்டும் போதாது. கத்தியும் கண்ணாடியும் பொறுமையும் வேண்டும்.

இனி, திருப்புங்கள். இரண்டு கையாலும், எதிரெதிர் மூலையைப் பிடித்து. நல்லது.

தாளை வெளிச்சப் பலகைமேல் வைத்தால் நீர்க்குறி எழும். அக்காலத்துப் பிரிட்டிஷ் தாள்கள் பலவற்றில் ஆலையின் பெயரோடு ஆண்டும் இருக்கும், ஜே. வாட்மேன் என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். தாளில் ஓர் ஆண்டு இருந்தால் அதற்கு முன்னால் அந்தப் படம் வரையப்பட்டிருக்கவே முடியாது, எவ்வளவு பெரிய நிபுணர் மறுத்தாலும் சரி. துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் எல்லாம் இங்கே பயிற்சிக்கு வரலாம்.

சில தொகுப்புகளில் வெள்ளைப் பூ கருஞ்சாம்பலாக நிற்கும். ஓவியருக்கு நிறக்குருடா? இல்லை, ஈய வெள்ளை! காற்றிலிருக்கும் கந்தக வாயு பட்டு அது கறுத்துப்போகும். பாதுகாப்பாளர்கள் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு மிகக் கவனமாக அதை மறுபடி வெள்ளையாக்குவது உண்டு. முடி வெளுக்கிற அதே பெராக்சைடுதான், ஆனால் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

பச்சைக்கு வருவோம், செடி வரைகிறவருக்குத் தலைவலியே அதுதானே. ஹூக்கர் பச்சை என்று ஒரு நிறம் இன்றும் வாட்டர்கலர் பெட்டிகளில் விற்கிறது. பிரஷ்ய நீலத்தையும் காம்போஜ் மஞ்சளையும் கலந்து வில்லியம் ஹூக்கர் என்ற லண்டன் ஓவியர் ஆக்கியது. காம்போஜ் என்பது குடம்புளியின் சொந்தக்கார மரங்களில் வடியும் பிசின். பளிச்சென்ற மஞ்சள், அதோடு கடுமையான பேதி மருந்து! தூரிகை முனையை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கமுள்ள ஓவியர்களின் கதி என்னவாகியிருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

குழப்பம் வேண்டாம்: இந்த ஹூக்கர் வேறு, கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்து பிறகு கியூ பூங்காவின் தலைவரான வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் வேறு. நம் கதைக்கு வேண்டியவர் இரண்டாமவர். ரங்கையாவின் படங்களை முதன்முதலில் ஐரோப்பாவில் அச்சிட்டவர் அவர்தான், 1830களின் தொடக்கத்தில். அனுப்பி வைத்தவர் ராபர்ட் வைட்.

வைட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1796இல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். மருத்துவம் படித்துவிட்டு 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராக மதராஸ் மாகாணத்துக்கு வந்தார். செடிப் பைத்தியம். 1826இல் அரசின் இயற்கை ஆய்வாளர் பதவி கிடைத்தது. 1828இல் சிக்கனம் என்று சொல்லிப் பதவியையே ஒழித்துவிட்டார்கள். அடுத்து நாகப்பட்டினத்தில் படை மருத்துவர். 1831இல் விடுப்பில் ஊருக்குப் போனபோது கூடவே எடுத்துக்கொண்டு போனது ஏறத்தாழ 1,00,000 உலர்செடிகள், எடை 2 டன். (கப்பலில் கூடுதல் சுமைக் கட்டணம் என்ன கேட்டிருப்பார்கள்!) திரும்பி வந்து, 1842 முதல் கோயம்புத்தூரில் பருத்திப் பண்ணைகளுக்கு மேற்பார்வையாளர். அமெரிக்கப் பருத்தியை இந்த மண்ணில் விளைவிக்க வேண்டும் என்பது கம்பெனியின் ஆசை. சம்பளம் பருத்திக்கு, மனசு பக்கத்துப் போளுவாம்பட்டி மலையில்.

ஆனால் வைட்டுக்குப் படம் வரைய இரண்டு கைகள் தேவைப்பட்டன. 1820களின் நடுவிலிருந்து 1845 வரை ரங்கையா. அவருக்குப் பின் கோவிந்து. பல ஆண்டுகள் ஒரே ஆளிடம், ஒரே வேலையில் இருந்து செய்த சாதனை இது. வைட் செடியைத் தேர்ந்து, எந்த உறுப்பைப் பிளந்து காட்ட வேண்டும் என்று சொல்வார். அதைத் தாளில் கொண்டுவருவது இவர்கள். இந்தியச் சித்திர மரபில் கோட்டுக்கு இருக்கும் உறுதியும், லத்தீன் பெயர் சூட்டும் ஐரோப்பிய அறிவியலின் பிடிவாதமும் ஒரே தாளில் மோதி, அபூர்வமாக இரண்டுமே ஜெயித்த இடம் என்றுதான் சொல்வேன். தஞ்சை அரண்மனையில் இரண்டாம் சரபோஜியும் விலங்கு, பறவை, செடிகளை வரைவித்துக்கொண்டிருந்த காலத்தை ஒட்டியது இது. வடக்கே, வில்லியம் ராக்ஸ்பரோ என்ற தாவரவியலாளர் இந்திய ஓவியர்களை வைத்து 2,500க்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்திருந்தார். அவற்றில் 300தான் சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய அவருடைய பெரிய நூலில் வந்தன. அந்த ஓவியர்களின் பெயரை நூலில் தேடினால் ஏமாற்றம்தான். வைட் பெயரைப் போட்டார். அச்சான பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், 'ரங்கையா டெல்.' என்று இருக்கும். வரைந்தவர் இவர் என்று பொருள். பின்பு 'கோவிந்து டெல்.' பக்கத்திலேயே கல்லச்சு செய்தவரின் பெயரும்: சில படங்களில் வின்செஸ்டர், பலவற்றில் டம்ஃபி.

கல்லச்சு! இதற்கும் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாமா? வைட் பிறந்த அதே 1796 வாக்கில் ஜெர்மனியில் அலாய்ஸ் செனெஃபெல்டர் கண்டுபிடித்த முறை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைய வேண்டும். கல்லை நனைத்தால் வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், வரைந்த இடம் தள்ளிவிடும். மேலே அச்சு மையை உருட்டினால் எண்ணெய் இருக்கும் இடத்தில் மட்டும் ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால் படம் ரெடி. செதுக்க வேண்டாம், செப்புத் தகடு வேண்டாம், செலவும் குறைவு.

ஒரு வில்லங்கம் மட்டும் உண்டு. கல்லில் நேராக வரைந்தால் தாளில் இடம் வலமாக மாறி விழும். ஒரு கிளை இடப்பக்கம் சாய்ந்தால் என்ன, வலப்பக்கம் சாய்ந்தால் என்ன என்று கேட்கலாம். கொடிகளைக் கேட்டுப் பாருங்கள்! எந்தக் கொடி எந்தப் பக்கமாகச் சுற்றி ஏறும் என்பது பெரும்பாலும் அந்தந்த இனத்தின் மாறாத குணம். படம் கண்ணாடி பிம்பமாக விழுந்தால் காட்டில் இல்லாத ஒரு கொடி நூலில் முளைத்துவிடும். இதைத் தவிர்க்க, முதலில் தனித் தாளில் பசை மையால் வரைந்து அதைக் கல்லுக்கு மாற்றும் முறையும் இருந்தது. பழைய தாவர நூலில் ஒரு கொடியைப் பார்த்தால் இனி சும்மா பக்கத்தைப் புரட்ட மாட்டீர்கள், எனக்குத் தெரியும்.

இந்தக் கல்லிலிருந்து மதராசில் வெளிவந்ததுதான் வைட்டின் 'ஐகோனஸ்' என்ற ஆறு தொகுதிகள். 1838 முதல் 1853 வரை பகுதி பகுதியாக வந்தது; மொத்தம் 2,101 படங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு 140 படம், அதாவது இரண்டரை நாளுக்கு ஒன்று! இதோடு கையால் வண்ணம் பூசிய இரண்டு நூல்கள் வேறு, ஒன்று இந்தியத் தாவரங்கள் பற்றியது, இன்னொன்று நீலகிரிக்கென்றே. கையால் வண்ணம் என்றால், ஒவ்வொரு பிரதியிலும் ஒவ்வொரு இலைக்கும் ஒருவர் தூரிகையைத் தொட்டிருக்கிறார். அதனால் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளை அருகருகே வைத்தால் பச்சை ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஒன்று காலையில் பூசியது, ஒன்று சாயங்காலம் கண் சோர்ந்தபின் பூசியது என்று நானாக ஒரு கதை கட்டிக்கொள்வேன்.

பெட்டியை மூடிவிட்டு வாருங்கள், அலமாரிகளுக்குப் போவோம். செடி அங்கேதான் இருக்கிறது, அப்பளம்போல் தட்டையாகி, பழுப்பு நிறத்தில், கெட்டித் தாளில் ஒட்டப்பட்டு. பூவின் நிறம் போய்விட்டது, மணம் போய்விட்டது. படத்தில் அதே இனம் நேற்றுப் பறித்ததாக நிற்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி: உலர்செடியில் உண்மையான திசு இருக்கிறது, படத்தில் உயிரோடிருந்தபோதைய நிறமும் நிமிர்வும் இருக்கின்றன. சிவப்பு உறைகள் தென்படுகின்றனவா? மெல்ல! அவைதான் வகைமாதிரிகள். ஒரு தாவரத்துக்கு முதலில் பெயர் வைத்தபோது ஆதாரமாக இருந்த தாள். பெயர்ச் சண்டை வந்தால் உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் கடைசியில் இந்த உறையிடம்தான் வந்து நிற்க வேண்டும்.

இன்னும் ருசியான சங்கதி: சில பெயர்களுக்குச் செடித் தாளே கிடையாது, படமே ஆதாரம்! டச்சு அதிகாரி ஹென்ட்ரிக் வான் ரீட் கொச்சியிலிருந்து உருவாக்கி, 1678 முதல் ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்' இதற்குச் சரியான சான்று. 742 தாவரங்களைப் பற்றிய நூல். இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் அறிவும் மூன்று கொங்கணி வைத்தியர்களின் அறிவும் அதில் இருக்கின்றன. 1753இல் உலகத் தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டிய லின்னேயஸ் மலபாரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அந்த நூலின் படங்களைப் பார்த்தே பல செடிகளுக்குப் பெயர் வைத்தார். அவற்றில் பலவற்றுக்கு இன்றுவரை அந்த அச்சுப் படம்தான் சட்டப்படியான வகைமாதிரி. ஓவியரின் கை கொஞ்சம் நடுங்கியிருந்தால் அறிவியலே நடுங்கியிருக்கும்!

அலமாரிக்காரர்களின் பகையாளி யார் தெரியுமா? கறையானைச் சொல்வீர்கள். அதைவிட மோசம், மிளகாய்த்தூள் பாக்கெட்டிலும் பிஸ்கெட்டிலும் வருமே பொடி வண்டு, அது. உலர்ந்த செடி அதற்கு விருந்து. முன்பெல்லாம் பாதரச உப்பைப் பூசி வைத்தார்கள். வண்டுக்கும் விஷம், ஆய்வாளருக்கும் விஷம். பழைய தாள்களைக் கவனமாகக் கையாளச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். இன்று விஷமில்லை, குளிர்தான். புதிதாக வரும் ஒவ்வொரு கட்டும் மைனஸ் 30 டிகிரி அளவில் சில நாள் உறைந்துவிட்டுத்தான் உள்ளே நுழையும். குற்றாலத்துச் செடிக்கு இப்படி ஒரு குளியல்.

இவ்வளவையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தவர் எடின்பரோ பூங்காவின் தாவரவியலாளராக இருந்த ஹென்றி நோல்ட்டி. எந்தப் படம் எந்த உலர்செடியிலிருந்து வந்தது, எது எந்த அச்சுப் பக்கமானது என்று தேடி, வைட் நடந்த வழியெல்லாம் தென்னிந்தியாவில் தானும் அலைந்து, 2007இல் மூன்று தொகுதிகளாக எழுதினார். தலைப்பிலேயே வைட்டோடு ரங்கையாவும் கோவிந்துவும் உண்டு. அட்டையில் பெயர் வர ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

அதே கட்டடத்தில் இன்னொரு மதராஸ்காரரின் தொகுப்பும் இருக்கிறது. ஹியூ கிளெக்ஹார்ன், 1820இல் மதராசிலேயே பிறந்தவர், மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலர். ஏறத்தாழ 3,000 தாவரப் படங்கள் அவருடையவை. கோவிந்து அவருக்கும் வரைந்தார். 1850இல் அலெக்ஸாண்டர் ஹன்ட்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி மாணவர்களின் கைவண்ணமும் அதில் இருக்கிறது. அந்தப் பள்ளிதான் இன்றைக்கு எழும்பூரில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி! சென்ட்ரல் போகிற பேருந்தில் உட்கார்ந்து அந்தச் சிவப்புச் சுவரைப் பார்த்துக்கொண்டே போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி தெரியும்?

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு என்மேல் கோபம் வரும், உங்கள் ஊரை விட்டுவிட்டு எடின்பரோவைப் பாடுகிறேன் என்று. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல அலுவலகத்தில், மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. பெயரில் மெட்ராஸ், இருப்பது கோவையில். வைட் காலத்துத் தாள்கள் அங்கேயும் உண்டு.

கடைசியாக ஓர் ஆர்க்கிட். 1853இல் வைட் ஊர் திரும்புகிறார். 'ஐகோனஸ்' ஆறாம் தொகுதி முடியப்போகிறது. அந்தச் சமயத்தில் ஒரு புதிய ஆர்க்கிட் பேரினத்துக்கு அவர் வைத்த பெயர் கோவிந்தூயா! ஓர் இந்திய ஓவியரின் பெயரில் ஒரு பேரினம், அதுவும் அவரே வரைந்த நூலில். கூடவே ஒரு பாராட்டும் எழுதினார்: செடியின் உறுப்புகளைப் பிரித்து வரைவதில் இவருக்கு இணையான ஆள் இவர் நாட்டில் இல்லை என்பது அதன் சாரம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பெர்ஸ்பெக்டிவ் மட்டும் சரியாக வந்திருந்தால் ஐரோப்பிய ஓவியர்களே இவரை மிஞ்சுவது அரிது என்று ஒரு கொக்கியையும் சேர்த்துவிட்டார். பரிசு கொடுக்கும் மேடையிலும் ஒரு குட்டு! வாங்கிக்கொண்டவர் என்ன நினைத்தாரோ, அவரும் ஓர் உருப்பெருக்கியை வைத்து வைட்டின் ஆங்கிலத்தைத் திருத்தியிருந்தால் எனக்கு மகிழ்ச்சி.

பின்னால் வந்த தாவரவியலாளர்கள் அந்த ஆர்க்கிட்டை டிரோபீடியா என்ற பழைய பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். ஆனால் அறிவியலில் ஒருமுறை அச்சான பெயரை யாராலும் அழிக்க முடியாது. இணைப்பெயராக எல்லாப் பட்டியலிலும் கூடவே வரும். 'ஐகோனஸ்' முழுவதும் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடக்கிறது. கைபேசியிலேயே திறக்கலாம், கை கழுவக்கூட வேண்டாம். ஆறாம் தொகுதிக்குப் போங்கள், கடைசிப் பக்கங்களுக்குக் கிட்டே வாருங்கள். குற்றாலம், சிவகிரி, பழனி, போளுவாம்பட்டி என்று நம்மூர் மலைகளெல்லாம் தாறுமாறான ஆங்கில எழுத்துக்கூட்டலில் வழியெல்லாம் வரும், அதையும் ரசித்துக்கொண்டே போங்கள். கோவிந்தூயா வந்ததும் படத்தை முடிந்த மட்டும் பெரிதாக்கி, பெர்ஸ்பெக்டிவில் குறை தெரிகிறதா என்று பார்த்து எனக்கும் சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை.